பளியர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொல்லும் கதை

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது பள்ளி ஆண்டுவிழாவில் "ஆதிவாசி நடனம்" என்று ஒன்று போட்டார்கள். எட்டுப் பையன்கள். முகத்தில் அடுப்புக்கரி, இடுப்பில் வேப்பங்குழைக் கொத்து, கையில் அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய ஈட்டி. மேடை நடுவில் விறகை அடுக்கி, உள்ளே சிவப்பு பல்பு ஒன்றை வைத்துத் தீ எரிவதுபோல் காட்டியிருந்தார்கள். "ஹூ... ஹா..." என்று கத்திக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி ஆடினோம். ஆம், ஆடினோம் என்றுதான் எழுத வேண்டும். எட்டில் ஒருவன் நான். நல்ல கைத்தட்டல் கிடைத்தது.

எங்கள் வகுப்பில் மலையடிவாரக் குடியிருப்பிலிருந்து வந்து படித்த பளியர் பையன் ஒருவன் இருந்தான். அன்று மேடைக்கு முன்னால் தரையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிகழ்ச்சி முடிந்து கரியைக் கழுவிவிட்டு வந்து, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாருந்துச்சு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "யாருடா அவங்க?" என்று கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை நண்பர்களே. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை.

இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. குழந்தைகளுக்குப் பழங்குடி மக்களின் பண்பாட்டையும் அவர்களுடைய கதைகளையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் யாருடைய கதையை, யார், யாருக்குச் சொல்கிறோம்? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

எங்கள் ஊர் வ. புதுப்பட்டி. முன்னால் நிற்கும் "வ" பக்கத்து ஊரான வத்திராயிருப்பைக் குறிக்கும். (தமிழ்நாட்டில் எத்தனை புதுப்பட்டி இருக்கிறது என்று யாராவது எண்ணிச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.) மேற்கே மலை. சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறை, பிளவக்கல் அணை, அத்திகோயில், தெற்கே திருவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பு, இன்னும் தெற்கே இராஜபாளையம் ஐயனார்கோவில் என்று மலையடிவாரம் நீண்டுகொண்டே போகும். இந்த அடிவாரத்திலும் மேலே காட்டிலும்தான் பளியர்கள் வாழ்ந்துவந்தார்கள், வாழ்கிறார்கள். பழனி மலை, வருசநாடு, குமுளி வரை அவர்களுடைய குடியிருப்புகள் உண்டு. தேன், கிழங்கு, கடுக்காய், நெல்லி, குங்கிலியம், கல்பாசி என்று காட்டுப்பொருள் எடுப்பது பழைய தொழில். இப்போது பலர் அடிவாரத்து மாந்தோப்பு, தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போகிறார்கள். பேசுவது தமிழ்தான், அவர்களுக்கே உரிய ஒரு இழுவையோடு.

அரசாங்கத்தின் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் தமிழ்நாட்டுக்கு நெடுங்காலம் 36 பெயர்கள் இருந்தன. அதில் பள்ளெயன், பள்ளியன், பள்ளியர் என்று அடுத்தடுத்து மூன்று தனிப் பெயர்கள் வரும். ஆங்கிலத்தில் யாரோ எப்படியோ எழுதியதைத் தமிழில் மறுபடி எழுதிய கோலம் இது. ஒரே மக்கள் மூன்றாகிவிட்டார்கள்! ஒரு சமூகத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் எழுதினால் முதலில் பெயரிலேயே கைவைப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

எழுதியவர்கள் யார் யார் என்று தேடிப் பார்த்தேன். பழனி மலைப் பளியர்களைப் பற்றி டாமன் என்ற சேசு சபைப் பாதிரியார் 1908ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1909ல், எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் துணையோடு எழுதிய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற ஏழு தொகுதி நூல் வந்தது. அதிலும் பளியர் உண்டு. தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். மூக்கு எத்தனை அகலம் என்று குறித்துக்கொண்ட கை, அந்த மூக்குக்காரர் தன் பிள்ளைக்கு இரவில் என்ன சொல்லித் தூங்கவைத்தார் என்பதை எழுத அவ்வளவாக அக்கறைப்படவில்லை.

சரி, அதற்கு முன்னால் நம்மிடம் மலைவாசிகளைப் பற்றிய கதையே இல்லையா? நிறைய இருக்கிறது. இங்கேதான் சுவாரஸ்யம். நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரிந்த கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி, வேடர்கள் கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த குழந்தை, தினைப்புனம் காத்தவள், முருகனை மணந்தவள். கண்ணப்பர், வேடர்குலத் திண்ணன், சிவனுக்குக் கண்ணையே பெயர்த்துக் கொடுத்தவர். குகன், ராமனுக்கு ஓடம் விட்டவன். சபரி, ராமனுக்காகக் கனியோடு காத்திருந்தவள். எல்லாம் அருமையான கதைகள். நானும் பாட்டி மடியில் படுத்துக் கேட்டவன்தான். ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இவை அத்தனையிலும் காட்டுமனிதர் நம் சாமியைத் தேடி வருகிறார், அல்லது நம் சாமி அவரைத் தேடிப் போகிறது. அத்தோடு கதை முடிந்துவிடும். அதற்கு முன்னால் அவர்கள் யாரைக் கும்பிட்டார்கள், அதற்குப் பின்னால் என்ன ஆனார்கள் என்று கதையில் வராது. வள்ளி கல்யாணமாகிப் போன பிறகு தினைப்புனத்தை யார் காத்தார்கள்?

நம் பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. திருவில்லிபுத்தூர் தலபுராணம். மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று வேடர்குலத்தில் இரண்டு பிள்ளைகள். காட்டுக்கு வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிடுகிறது. தம்பியைத் தேடி அலைந்த வில்லி அசந்து தூங்கிவிட, கனவில் பெருமாள் வந்து நடந்ததைச் சொல்லி, காட்டைத் திருத்திக் கோயில் கட்டச் சொல்கிறார். வில்லி காட்டை வெட்டி ஊராக்குகிறான். அவன் பெயராலேயே வில்லிபுத்தூர். தாய் மல்லியின் பெயரில் இன்றைக்கும் மல்லி என்று ஒரு ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.

இது புராணம்தான், சரித்திர ஆதாரம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் இதை மறுபடி வாசித்துப் பாருங்கள். இந்தப் பகுதியின் பெரிய ஊர் ஒரு வேடனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஊர் பிறந்த நாள், காடு வெட்டப்பட்ட நாளும்கூட. துளசித் தோட்டத்தில் கிடைத்த ஆண்டாள் கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கிழங்குக் குழியில் கிடைத்த வள்ளி கதையும் தெரியும். (இரண்டு பேருமே மண்ணில் கிடைத்த பெண் குழந்தைகள் என்பதை யாராவது கவனித்தீர்களா?) ஆனால் வில்லி கதை எத்தனை பேருக்குத் தெரியும்? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். திருவில்லிபுத்தூரிலிருந்தே வரும் நண்பர்கள் "பால்கோவா தெரியும்டா" என்றார்கள்!

இந்த இடத்தில் கொஞ்ச தூரம் கடல் தாண்டிப் போய்வருவோம். காரணம் இருக்கிறது. 1870ல் ஹக்ஸ்லி என்ற ஆங்கில அறிஞர் உலக மக்களை இனம் பிரித்து எழுதியபோது, தக்காணத்து மலைக்குடிகளையும் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளையும் ஒரே தலைப்பில் போட்டார். அந்தப் பகுப்பை இன்று அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் நெடுங்காலம் நம் பாடநூல்களில்கூட அதன் நிழல் இருந்தது. தோற்றத்தை வைத்து அன்று முடிச்சுப் போட்டது தப்பு. ஆனால் இரண்டு இடத்து மக்களுக்கும் நேர்ந்த அனுபவத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நிறைய இருக்கிறது. முக்கியமாகக் கதை விஷயத்தில்.

ஆஸ்திரேலியாவில் கேதரின் லாங்லோ பார்க்கர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி 1896ல் பூர்வகுடிக் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். சிறுவயதில் ஆற்றில் மூழ்கவிருந்த அவரைக் காப்பாற்றியது ஒரு பூர்வகுடிப் பெண். கதை சொன்ன மக்களிடம் அவருக்கு அன்பு இருந்தது, சந்தேகமில்லை. ஆனாலும் அட்டையில் இருந்த பெயர் கேட்டவருடையது, சொன்னவர்களுடையது அல்ல.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். டேவிட் உனைபோன் என்று ஒருவர். 1872ல் பிறந்தவர், நரிண்டஜெரி இனத்தவர். பேச்சாளர், எழுத்தாளர், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கருவியை மேம்படுத்திக் காப்புரிமைக்கு எழுதிப்போட்டவர். 1920களில் ஊர் ஊராகப் போய்த் தன் மக்களின் கதைகளைச் சேகரித்துத் தானே ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதைப் பதிப்பகத்திடம் கொடுத்தார். பதிப்பகம் அதை ராம்சே ஸ்மித் என்ற மருத்துவருக்கு விற்றுவிட்டது. 1930ல் லண்டனில் புத்தகம் வந்தது. அட்டையில் ராம்சே ஸ்மித் பெயர். உனைபோன் பெயர் உள்ளே ஒரு மூலையில்கூட இல்லை! அவர் 1967ல் காலமானார். அவர் பெயரிலேயே அந்தப் புத்தகம் வெளிவந்தது 2001ல். இடையில் 1995ல் ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டார்கள். ஆக, ரூபாய் நோட்டுக்கு வந்த முகம் புத்தக அட்டைக்கு வர இன்னும் ஆறு வருடம் ஆயிற்று. கொடுமையிலும் ஒரு வேடிக்கை.

இந்தக் கதைகள் புத்தகமாகி வெள்ளைக்காரக் குழந்தைகள் படுக்கையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், பூர்வகுடிக் குழந்தைகளை அரசாங்கமும் திருச்சபை அமைப்புகளும் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக்கொண்டு போய் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தன. "திருடப்பட்ட தலைமுறைகள்" என்று இன்று அவர்களைச் சொல்கிறார்கள். 1997ல் இதைப் பற்றி விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கதையை எடுத்துக்கொண்டு, கதை கேட்க வேண்டிய பிள்ளையையும் எடுத்துக்கொண்டால் சொல்லுகிற பாட்டியிடம் என்னதான் மிஞ்சும்?

மாற்றம் வந்தது பூர்வகுடிகள் தாங்களே குழந்தைகளுக்கு எழுதவும் வரையவும் தொடங்கியபோது. மார்னிங்டன் தீவைச் சேர்ந்த டிக் ரௌசி 1975ல் வானவில் பாம்பின் கதையைத் தானே படம் வரைந்து புத்தகமாக்கினார். மறு ஆண்டே அது அந்நாட்டின் சிறந்த படப்புத்தகம் என்ற பரிசைப் பெற்றது. அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கதைக்குச் சொந்தக்காரர் உண்டு. இன்ன கதையை இன்னார்தான் சொல்லலாம், சில கதைகளை எல்லோர் முன்னும் சொல்லவே கூடாது. நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். காற்றில் மிதக்கிற கதைக்கு ஏது பட்டா என்று கேட்போம். உனைபோனுக்கு நடந்ததைப் படித்தபிறகு எனக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

இப்போது ஊருக்குத் திரும்புவோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கும் ஒரு ஆசை வந்தது. பளியர் கதைகளை நாமே சேகரித்தால் என்ன? கரிசல் மண்ணின் கதைகளைக் கி. ராஜநாராயணன் சேர்த்து வைக்கவில்லையா? ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் இருபது கதையாவது தேறாதா? அதற்கு முன்னால் பளியரைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளைப் படித்துவிடலாம் என்று தேடியபோதுதான் பீட்டர் கார்ட்னர் கிடைத்தார். அமெரிக்க மானிடவியலாளர். 1962 முதல் 1964 வரை பளியர்களோடு இருந்து ஆராய்ந்தவர். 1966ல் ஒரு முக்கியமான கட்டுரை, பிறகு பல வருடம் கழித்து 2000ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

அவர் சொன்னதில் மூன்று செய்திகள் என் திட்டத்தையே கவிழ்த்துவிட்டன.

பளியர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பதில் மிகக் கண்டிப்பானவர்கள். ஒருவரைக் கீழாக நடத்துவதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை "தரக்குறைவு". பெரியவர் சிறியவர் என்றில்லாமல் யாருக்கும் தரக்குறைவு நேரக்கூடாது. குழந்தைக்கும்தான். போட்டி போடுவதும் ஆகாது, அதிகாரம் செய்வதும் ஆகாது. சண்டை வந்தால் எதிர்த்து நிற்பதைவிட ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். கோபம் தணிய நெற்றியில் பூசிக்கொள்ள ஒரு மருந்தே வைத்திருந்தார்களாம். அதன் பெயர் சிரிப்பாணிப்பூ! எங்கள் பக்கத்தில் சிரிப்பாணி என்றால் சிரிப்பு. கோபத்துக்குச் சிரிப்புப் பூவைப் பூசுகிற சமூகத்தை நாங்கள் மேடையில் ஈட்டியோடு கத்தவைத்திருக்கிறோம்.

அடுத்தது அறிவைப் பற்றியது. பளியரிடம் காட்டைப் பற்றிய அறிவு கட்டுக்கட்டாகத் தொகுத்து வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை, ஒவ்வொருவரும் தான் கண்டதையும் பட்டதையும் வைத்துத் தன் அறிவைத் தானே சேர்த்துக்கொள்கிறார் என்கிறார் கார்ட்னர். அதனால் ஒரே செடிக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் பெயர் சொல்வதும் நடக்கும். யார் சொல்வது சரி என்று அடித்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்தவர் சொன்னதைத் தப்பு என்று திருத்தினால் அதுவே தரக்குறைவு ஆகிவிடுமே!

மூன்றாவது, பேச்சு. பளியர்கள் பொதுவாகவே குறைவாகப் பேசுபவர்கள், நாற்பது வயதுக்கு மேல் ஏறக்குறைய பேச்சையே விட்டுவிடுகிறார்கள் என்று அவர் ஒரு இடத்தில் எழுதியது உலகப் பிரசித்தம். மொழியைப் பற்றிய ஆங்கில நூல்களில் இன்றும் இதை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நோட்டும் பென்சிலுமாக ஒரு வெள்ளைக்காரர் எதிரில் உட்கார்ந்தால் எங்கள் தாத்தாவும்தான் பேச்சை விட்டிருப்பார். அடிவாரத்தில் வியாபாரிகள், தோப்புக்காரர்கள், காவலர்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் திட்டு வாங்கிய மனிதர் வாயை மூடிக்கொள்வது கலாச்சாரமா, தற்காப்பா? காட்டுக்குள் ஒரு விதமாகவும் நாட்டாரோடு பழகும்போது இன்னொரு விதமாகவும் வாழ பளியர் பழகியவர்கள் என்று கார்ட்னரே பின்னாளைய புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். அது எனக்குச் சரியாகப் படுகிறது.

எப்படியிருந்தாலும், நோட்டை எடுத்துக்கொண்டு போய் "பாட்டி, ஒரு கதை சொல்லுங்க" என்று கேட்கிற என் திட்டம் அங்கே செல்லாது என்பது புரிந்துவிட்டது. நாம் கதை என்று எதை நினைக்கிறோம்? ஒரு ஊரில் ஒரு ராஜா என்று தொடங்கி, முடிவில் ஒரு நீதி சொல்லி, நாளைக்கு வேறொருவர் திருப்பிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பளியரிடம் அப்படிக் கதையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பளிச்சியம்மனைப் பற்றிப் பேச்சு உண்டு, மலைத் தெய்வங்களைப் பற்றி உண்டு, கரடியிடம் மாட்டித் தப்பித்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் ஒரு பிள்ளை பளியராக வளர்வதற்குத் தேவையானதெல்லாம் அந்தக் கதைகளில் இல்லை. அது மலையில் நடப்பதில் இருக்கிறது. அப்பன் முன்னால் போவார், பிள்ளை பின்னால் போகும். யாரும் பாடம் எடுப்பதில்லை.

நீலகிரி கூடலூரில் வித்யோதயா என்று ஒரு பள்ளி இருக்கிறது. 1990களில் அங்குள்ள ஆதிவாசிகளின் சங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கான பள்ளியாக அது மாறியது. அங்கே சமூகத்துப் பெரியவர்கள் வந்து பாட்டும் கதையும் கைவேலையும் சொல்லித்தருகிறார்கள். ஆதிவாசி இளைஞர்களே ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்று வருகிறார்கள். அதாவது பழங்குடிப் பண்பாட்டைப் பழங்குடிப் பிள்ளைக்கே முதலில் அறிமுகம் செய்கிறார்கள்! நம் பள்ளிகளில் இது தலைகீழ். பளியர் பையன் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவன் தெரிந்துவைத்திருப்பது எதற்கும் மார்க் கிடையாது. வேப்பங்குழையைக் கட்டிக்கொண்டு ஆடிய எனக்குப் பரிசு கொடுத்தார்கள், எவர்சில்வர் டம்ளர். இன்னும் வீட்டில் இருக்கிறது.

என் நண்பன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிறான்.

மலையில் நடந்தால்தான் அறிவு என்றால், மலை திறந்திருக்க வேண்டுமே. 1988ல் எங்கள் மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆகியிருக்கிறது. எனக்கு அணிலும் பிடிக்கும், புலியும் வேண்டும். காடு இருந்தால்தான் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர். காட்டில் வாழ்கிறவர்களுக்கும் காட்டுப்பொருள் எடுக்கும் உரிமையைத் தந்து நாடாளுமன்றம் 2006ல் வன உரிமைச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் வழக்கு ஒன்றினால் பட்டா கொடுப்பது 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது. சட்டம் வந்தபோது பத்து வயதாக இருந்த பளியர் பிள்ளைக்கு அப்போது இருபது வயது. கிழங்குக் கொடியையும் தேன்பாறையையும் கற்றுக்கொள்கிற வயது அந்தப் பத்து வருடம்தான். சட்டம் பின்னால் நன்றாகவே வேலை செய்தாலும் அந்த வயது திரும்பி வராது. புத்தகத்தில் இருக்கிற கதையை நூறு வருடம் கழித்தும் எடுத்துப் படிக்கலாம், உனைபோன் கதைகள் 71 வருடம் கழித்து அவர் பெயருக்குத் திரும்பவில்லையா? கால்வழியாகக் கற்ற கல்விக்கு அந்த வசதி இல்லை. நடுவில் ஒரு தலைமுறை நடக்காமல் போனால் தொடர்பு அறுந்துவிடும்.

போன பொங்கல் விடுமுறையில் நண்பனைப் பார்க்க அவர்கள் குடியிருப்புக்குப் போயிருந்தேன். நோட்டு எடுத்துப் போகவில்லை. ஆண்டுவிழா நடனத்தைப் பற்றி ஒரு வழியாக வாய் திறந்து, "தப்புடா அது" என்றேன். அவன் சிரித்தான். "அதுல நீயும் இருந்தியா?" என்றான். நான் ஆடியதே அவனுக்கு ஞாபகம் இல்லை, அல்லது ஞாபகம் இல்லாததுபோல் சொன்னான். தரக்குறைவு எனக்கு நேரக்கூடாது என்று நினைத்திருப்பானோ என்று பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது.

அன்று சாயங்காலம் அவனும் அவன் மாமாவும் நானும் குடியிருப்பை ஒட்டிய ஓடைக்கரையில் நடந்தோம். அவனுடைய தம்பியும் ஒட்டிக்கொண்டான், நான்காம் வகுப்புப் படிக்கிறவன். வேலியோரம் ஒரு கொடி, இதயவடிவ இலையோடு மரத்தில் சுற்றி ஏறியிருந்தது. கிழங்குக்கொடி என்று எனக்கே தெரிந்தது. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்தால் என்ன வகை என்று சொல்லிவிடலாம் என்றான் நண்பன். பெயரும் சொன்னான். மாமா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு வேறொரு பெயர் சொன்னார். நான் பரீட்சை எழுதிப் பழகியவன் இல்லையா, "எது சரி?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. மாமா குனிந்து கொடியின் அடியில் மண்ணைக் கையால் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். இன்னும் முற்றவில்லை போலிருக்கிறது, மறுபடி மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நடந்தார்.

பின்னால் வந்த சின்னவன் அந்த இடத்தில் உட்கார்ந்து தானும் மண்ணை விலக்கிப் பார்த்தான், தானும் மூடினான். எழுந்து வந்து, நான் கேட்காமலே, மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னான்.